லிமாவுக்குப் போகும் வழியில் கிண்டி

பெரு நாட்டுக்கு 14 நாள் பயணம். ஜூன் முதல் வாரத்தில் புறப்பாடு. சென்னை, துபாய், சாவோ பாலோ, லிமா என்று வழி. நான்கு பேர்: கணவன், மனைவி, பத்து வயதுப் பையன், 63 வயதுப் பாட்டி. இப்படி ஒரு குடும்பத்தை மனதில் வைத்து, எந்த வேலையை எந்த நாளில் முடிக்க வேண்டும் என்று நாள்வாரியாக எழுதுகிறோம். தென் அமெரிக்கப் பயணத்தில் செலவைவிட வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். முதலில் செய்ய வேண்டியதை மூன்றாவதாகச் செய்தால், முதல் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

இன்னும் 120 நாள்

டிக்கெட் விலை பார்ப்பதை நிறுத்திவிட்டு நான்கு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசை மேல் வையுங்கள்.

முதலில் பையனுடையது. பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்று எல்லாருக்கும் தெரியும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பது பல வீடுகளில் மறந்தே போயிருக்கும். மழலையர் பள்ளிக் காலத்தில் சிங்கப்பூர் போவதற்காக எடுத்தது இந்நேரம் காலாவதியாகியிருக்கும், அல்லது ஆகப்போகும். பெருவுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் மூன்று சேவை மையங்களில் எதில் தேதி முன்னால் கிடைக்கிறதோ அதில் போடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

இதை ஏன் முதல் நாளே செய்ய வேண்டும்? மஞ்சள் காய்ச்சல் அட்டை, விமான டிக்கெட், மாச்சு பிச்சு (பழங்கால இன்கா மக்களின் மலை நகரம்) நுழைவுச் சீட்டு, ரயில் சீட்டு, மலைமேல் ஏறும் பஸ் சீட்டு, எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் எண் ஏறும். நடுவில் புதுப்பித்தால் எண் மாறும். எண் மாறினால் ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதுதான்.

அடுத்தது பெயர். நம் ஊரில் மட்டும் வரும் தலைவலி. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகக் கிடக்கும், கொடுத்த பெயர் கட்டத்தில் ஒற்றைச் சொல் இருக்கும். விமான நிறுவனத்தின் தளம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக விடாது. சிலர் அதில் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னதை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சென்னை–லிமா டிக்கெட்டில் போட்ட அதே மாதிரிதான் லிமாவிலிருந்து மலை நகரமான குஸ்கோவுக்குப் போகும் டிக்கெட்டிலும் ரயிலிலும் போட வேண்டும்.

துபாயில் இறங்கி இரண்டு நாள் சுற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால் இன்னொன்று. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவுக்கு ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தியது. பாட்டிகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். எப்படியும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே குடும்பப் பெயர் கட்டத்தை நிரப்பிவிடுவது உத்தமம்.

இன்னும் 110 நாள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்.

லிமா, குஸ்கோ, மாச்சு பிச்சு மட்டும் பார்ப்பவருக்கு மஞ்சள் காய்ச்சல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. அந்தக் கொசு உயரத்தில் வாழாது, நோய் இருப்பது ஆண்டீஸுக்குக் கிழக்கே அமேசான் காட்டுப் பக்கம். பிறகு எதற்கு ஊசி? திரும்பி வருவதற்கு. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் பெருவும் உண்டு, பிரேசிலும் உண்டு. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பது நம் நாட்டு விதி. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு. பெரு நம்மிடம் கேட்காது. நம் ஊர்தான் கேட்கும்.

இதை டிக்கெட்டுக்கு முன்னால் வைத்திருப்பது பாட்டிக்காக. இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் தடுப்பூசி. 60 வயது தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அரிதுதான், ஆனாலும் மருத்துவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். போடக் கூடாது என்று சொல்லிவிட்டால் விலக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தை நம்பிக் கிளம்புவதற்கு முன்னால், திரும்பி வரும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் பாட்டி இல்லாத பயணமா, வேறு நாடா என்பதை டிக்கெட் வாங்காத இந்த வாரத்திலேயே முடிவு செய்யலாம்.

சென்னையில் கிங் இன்ஸ்டிட்யூட் தவிரத் துறைமுகச் சுகாதார அமைப்பிலும் போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்பதிவு முறையும் அவ்வப்போது மாறும். போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள். நினைத்த நேரத்தில் ஏன் போட மாட்டார்கள் என்று எரிச்சல் வரும். காரணம் குப்பிக்குள் இருக்கிறது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து தூளாக இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். அதனால் ஆள் சேர்ந்த பிறகே குப்பியை உடைப்பார்கள். ஒருவருக்கு அரை மில்லி. ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலையிலிருந்து பத்து வருடக் கணக்கு கிடையாது. சான்று செல்லுபடியாவது ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்து. வேறு உயிருள்ள தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

அட்டையைக் கையில் வாங்கியதும் வாசலுக்கு நடக்காதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? எண் சரியா? தேதியில் மாதம் எழுத்தில் இருக்கிறதா? எண்ணில் எழுதினால் 5.3 என்பதை ஒருவர் மார்ச் 5 என்பார், இன்னொருவர் மே 3 என்பார். தடுப்பூசியின் தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, மையத்தின் முத்திரை மூன்றும் வேண்டும். உங்கள் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அதைத்தான் முக்கால்வாசிப் பேர் காலியாக விட்டுவிடுவார்கள். அடித்துத் திருத்திய அட்டை செல்லாது, புதிதாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் இரண்டு நாள் வலி, லேசாகக் காய்ச்சல் வரலாம். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு பற்றியும் மருத்துவரிடம் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

இன்னும் 104 நாள்

விசா.

இந்தியர்களுக்குப் பெரு விசா தேவை. ஆனால் ஒரு குறுக்குவழி 2017 முதல் உண்டு: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள், இவற்றில் ஏதாவது ஒன்றின் விசாவோ நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோ கையில் இருந்தால் சுற்றுலாவுக்குப் பெரு விசா எடுக்க வேண்டாம். விசாவில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பாரிஸ் சுற்றுலாவுக்காக வாங்கிய மூன்று வார ஷெங்கன் விசா இதற்கு உதவாது. பத்து வருட அமெரிக்க விசா தாராளமாக உதவும். அது பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். நால்வரில் மூவரிடம் இருந்து, பையனிடம் இல்லையென்றால் பையனுக்கு விசா எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்க வேண்டியவர்களுக்குத் தூதரகம் டெல்லியில். விண்ணப்பம், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, போகவர விமான முன்பதிவு என்று வழக்கமான அடுக்குதான். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

வழியில் உள்ள நாடுகளையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க விசா வேண்டும். மாட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றிலிருந்தும் லிமாவுக்கு நேரடி விமானம் உண்டு. டிரான்சிட் விதி ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மாதிரி, அடிக்கடி மாறவும் செய்யும். சாவோ பாலோவில் வெளியே வராமல் சர்வதேசப் பகுதிக்குள்ளேயே விமானம் மாறுபவருக்குப் பிரேசில் விசா தேவையில்லை. இதில் ஒரு பொறி உண்டு. சென்னை–சாவோ பாலோ ஒரு டிக்கெட், சாவோ பாலோ–லிமா தனி டிக்கெட் என்று மலிவாக வாங்கினால், பெட்டியை சாவோ பாலோவில் எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். பெட்டியை எடுக்கக் குடியேற்றம் தாண்ட வேண்டும், தாண்ட விசா வேண்டும். மொத்த வழியையும் ஒரே பதிவெண்ணில் வாங்குங்கள். கூடுதலாகும் பணம் வீண் போகாது.

இன்னும் 100 நாள்

தேதி. குஸ்கோ பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம், டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல மழை. நம் கோடை விடுமுறையின் கடைசி வாரம் அங்கே குளிர்காலத் தொடக்கம். ஜூன் 24 குஸ்கோவில் இன்டி ராய்மி, சூரியத் திருவிழா. அதையொட்டி அறை வாடகை ஏறும். ஜூலை 28, 29 அவர்களுடைய சுதந்திர தினம், ஊரே பயணத்தில் இருக்கும். ஜூன் முதல் பாதி வசதி. லிமாவில் அந்த மாதங்களில் வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும், தூறல் என்றும் சொல்ல முடியாத ஒரு ஈரம். லிமாவுக்கு இரண்டு நாள் போதும்.

இன்னும் 97 நாள்

மாச்சு பிச்சு சீட்டு. உள்நாட்டு விமானத்துக்கு முன்னால் இதைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் பயணத்திலேயே நாள், மணி, ஆள், பாதை நான்கும் பூட்டப்பட்ட சீட்டு இது ஒன்றுதான்.

பெரு பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் வாங்கலாம். 2024 ஜூனிலிருந்து மூன்று சுற்றுப் பாதைகள், அவற்றுக்குள் கிளைகள். படங்களில் பார்க்கும் அந்தக் காட்சியும் வேண்டும், இடிபாடுகளுக்குள் நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டாம் சுற்று. முதலில் தீர்வதும் அதுதான். முதல் சுற்று மேலிருந்து பார்ப்பதோடு சரி. மூன்றாவது கீழ்ப்பகுதி, ஏற்றம் குறைவு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதைச் சொல்வோம். பாட்டிக்கு மூன்றாவது, மற்றவர்களுக்கு இரண்டாவது என்று பிரித்து எடுத்தால் உள்ளே சேர்ந்து நடக்க முடியாது. ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கழிப்பறை வாசலில் மட்டும்தான். பெரியவர் ஒருவருக்குச் சுமார் 150 சோல் (பெரு நாணயம்). வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், நகல் எடுபடாது. 40, 35, 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள்; பள்ளிப் பையே சில சமயம் தாண்டிவிடும், டேப்பை வைத்து அளந்து பாருங்கள்.

நேரில் வாங்கும் சீட்டும் அடிவாரத்து ஆகுவாஸ் காலியென்டெஸ் ஊரில் கொஞ்சம் விற்கிறார்கள். தனியாள் வேண்டுமானால் வரிசையில் நின்று பார்க்கலாம், பாட்டியோடு போகிறவர்கள் அதை நம்பக் கூடாது.

அந்த ஊருக்குச் சாலை கிடையாது. உருபாம்பா பள்ளத்தாக்கில் உள்ள ஒல்லான்டாய்டாம்போ ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயிலில் சிறு பை மட்டும்தான் அனுமதி. பெரிய பெட்டிகளை முந்தைய விடுதியில் விட்டுவிட்டுப் போவதுதான் அங்கே எல்லாரும் செய்வது. அடிவாரத்திலிருந்து மேலே பஸ் 25 நிமிடம், கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறை ரோட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளையென்றால் மாத்திரை கையில் இருக்கட்டும்.

இதே நாளில் உள்நாட்டு விமானம். லிமா–குஸ்கோ ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனால் மலிவுக் கட்டணத்தில் பெட்டி சேராது. குஸ்கோ விமான நிலையம் மலை நடுவே இருப்பதால் வானிலை கெட்டால் விமானம் தாமதமாகும், ரத்தாகும். குஸ்கோவிலிருந்து கிளம்பும் நாளும் லிமாவிலிருந்து நாடு திரும்பும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு ராத்திரி லிமாவில்.

இன்னும் 60 நாள்

உயரம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால்தான் புரியும். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637. மாச்சு பிச்சு 2,430, அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். அங்கே பயமில்லை. குஸ்கோ நகரம் 3,400. தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் 760 மீட்டர் ஏறி, அங்கே அறை எடுத்துத் தூங்குவது போல. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. தலைவலி, குமட்டல், தூக்கம் வராமை எல்லாம் முதல் இரண்டு நாள் வரலாம். உடல் வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துக்கிடப்பார், பாட்டி நடந்துகொண்டிருப்பார்.

பெரும்பாலான திட்டங்கள் லிமாவிலிருந்து குஸ்கோவில் இறக்கி அங்கேயே இரண்டு நாள் தங்க வைக்கும். இது தலைகீழ். குஸ்கோவில் இறங்கியதும் வாடகைக் காரில் நேராக உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். ஒல்லான்டாய்டாம்போ 2,790 மீட்டர். அங்கே இரண்டு ராத்திரி. அடுத்த ராத்திரி ஆகுவாஸ் காலியென்டெஸ், 2,040 மீட்டர். மாச்சு பிச்சு பார்த்த பிறகு கடைசியாகக் குஸ்கோ ஏறுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். செலவு கூடாது, அறைப் பதிவுகளின் வரிசையை மாற்றினால் போதும். 5,000 மீட்டரைத் தாண்டும் வானவில் மலைக்கு ஒரே நாளில் கூட்டிப்போகிறோம் என்று குஸ்கோவில் ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்கள். பையனையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

உயரத்தால் வரும் தொல்லையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை மருத்துவர் சீட்டில்தான். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்க வேண்டும். விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். இவை பயப்பட வேண்டியவை இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கும், பையனுக்கும் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ மாத்திரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

பயணக் காப்பீட்டை இந்த வாரமே படித்து எடுங்கள். இத்தனை மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்து எடுத்த காப்பீடு பணம் கேட்கும் நாளில் கைவிட்டுவிடும்.

இன்னும் 40 நாள்

பணம். அங்கே சோல். இந்தியாவில் சோல் கிடைப்பது அபூர்வம், டாலராக வாங்கிக்கொண்டு போய் அங்கே மாற்ற வேண்டும். பயணத்துக்கு 60 நாளுக்குள்தான் அந்நியச் செலாவணி வாங்க முடியும், அதனால்தான் இது இன்றைய வேலை. ஒருவர் ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம், மற்றதெல்லாம் கார்டில். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கடையில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கணக்கிலிருந்துதான் போக வேண்டும்.

கடையில் நோட்டை எண்ணி வாங்குவதோடு விடாதீர்கள், ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் கடுகளவு கிழிசல், பேனாக் கோடு, ஏதோ கடை முத்திரை இருந்தால் லிமாவில் வாங்க மாட்டார்கள். வங்கியிலேயே கூச்சமில்லாமல் திருப்பித் தருவார்கள். புது நோட்டு கேளுங்கள், 20 டாலர், 50 டாலர் கலந்து. அதேபோல அங்கே 200 சோல் நோட்டு கிடைத்தால் பெரிய கடையில் உடைத்துவிடுங்கள், டாக்சிக்காரரிடம் சில்லறை இருக்காது.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டு பேரிடம் இரண்டு வேறு வங்கிக் கார்டு. இயந்திரம் ரூபாயிலா சோலிலா என்று கேட்டால் சோலை அழுத்துங்கள்; ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலை. யூபிஐயை நம்பிப் போக வேண்டாம்.

வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு விடுதி அறையில் 18 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்ட வேண்டும். குடியேற்றப் பதிவு இப்போது கணினியில்தான், முத்திரை குத்தாமலே விடலாம். லிமா விடுதியில் படுப்பதற்கு முன் அந்தப் பதிவைத் தரவிறக்கி எல்லார் கைப்பேசியிலும் போட்டுவிடுங்கள்.

இன்னும் 30 நாள்

கால். சென்னையில் உட்கார்ந்துகொண்டு உயரத்துக்குப் பழக முடியாது, படிக்குப் பழகலாம். பரங்கிமலைப் படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம். புது ஷூவை இப்போதே வாங்கி அதைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். கொப்புளம் இங்கேயே வந்து ஆறிவிடட்டும்.

துணி: குஸ்கோவில் பகல் 20 டிகிரியை ஒட்டி, ராத்திரி பூஜ்யம் பக்கம். ஒரே தடித்த கோட்டு தப்பு. உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்று புகாத சட்டை என்று கழற்றிக் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். மே மாதத்து தி.நகரில் தெர்மல் தேடி அலைய வேண்டாம், பாதி கடையில் இருப்பு இருக்காது, இணையத்தில் வாங்குங்கள். ஸ்வெட்டரைக் குஸ்கோவில் வாங்கலாம், அல்பாகா கம்பளி. மெரினா வெயில் பார்த்த தோலுக்கு என்ன ஆகும் என்று இருந்துவிடக் கூடாது. அந்த உயரத்தில் குளிரும்போதே தோல் கருகும். தொப்பி, கண்ணாடி, சன்ஸ்கிரீன்.

இன்னும் 15 நாள்

பொடி நாள்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல். இவை இல்லாமல் எந்தப் பாட்டியும் விமானம் ஏற மாட்டார், ஏறவும் வேண்டாம். ஆனால் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். அமீரகத்தில் கசகசா போதைப்பொருள் பட்டியலில் உள்ள பொருள். துபாய் வழி போகும் பெட்டியில் குருமாப் பொடிகூட கசகசா இல்லாமல் அரைத்ததாக இருக்க வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்க விட மாட்டார்கள். எண்ணெய் அதிகமுள்ளதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருளாக அதை வைத்திருக்கிறார்கள். ஊறுகாய் கைப்பையில் கூடாது.

காய்கறி, பழம், விதை, கறிவேப்பிலைக் கொத்து எதையும் எடுக்காதீர்கள். பெருவின் வேளாண் சுகாதாரத் துறை அவற்றைப் பறிமுதல் செய்யும். வறுத்து அரைத்து மூடிய பொடியைப் படிவத்தில் எழுதிக் காட்டிவிடலாம்.

கட்டும் முறை: குஸ்கோவில் காற்றழுத்தம் குறைவதால் மூடிய பொட்டலங்கள் பலூன் மாதிரி உப்பும். அடைத்த பாக்கெட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒட்டுவதற்கு முன் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். புளிக்காய்ச்சலைக் கண்ணாடி பாட்டிலில் வைத்தால் மூடி வழியே எண்ணெய் கசியும். இரண்டு ஜிப் பைகளுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவில் இல்லாமல் ஓரமாக.

மின் கெட்டில் கொண்டுபோனால் அங்கே வேலை செய்யும், 220 வோல்ட். ஆனால் 3,400 மீட்டரில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெந்நீர் ஊற்றி மூடி வைக்கும் உப்புமா வகைகள் நறநறவென்று இருக்கும். அவலுக்குப் பிரச்சினை இல்லை. அவலே எடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஸ்பானியத்தில் ஒரு வரி போதாது. "சின் கார்னே" என்றால் கறி இல்லாமல். அங்கே பலருக்குக் கார்னே என்றால் மாட்டுக்கறி, அதனால் கோழி வந்துவிடும். "சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன்" என்று கோழி, மீன், பன்றி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தவிர்க்க வேண்டும். முட்டையும் வேண்டாம் என்றால் "சின் வேவோ". சூப் எந்தக் காய்கறி என்றாலும் அடியில் கோழிச்சாறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிஃபா என்று பலகை இருந்தால் அது சீன-பெரு சாப்பாட்டுக் கடை, அங்கே அரோஸ் சௌஃபா என்ற வறுத்த சோறு கிடைக்கும். சொல்லிச் செய்யச் சொல்லலாம். உருளைக்கிழங்கு பிறந்த நாடு அது, பட்டினி கிடக்க மாட்டீர்கள். மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்துதான் நமக்கு வந்தது. ரொகோட்டோ மிளகாயைப் பாட்டியும் மதிப்பார்.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும். கழுவிக்கொள்ள ஒரு மடக்குக் குவளை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு ஏற்பாடு அங்கே இல்லை.

இன்னும் 7 நாள்

பிளக்: தட்டைக் குச்சி இரண்டு, அல்லது நம் மெல்லிய உருண்டைக் குச்சி இரண்டு போகும். நம் மூன்று குச்சி பிளக் போகாது. மாற்றி இரண்டு வாங்குங்கள், ஒன்றை எங்காவது விட்டுவிட்டு வருவீர்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-ஹவருக்குள், 3.7 வோல்ட் கணக்கில் சுமார் 27,000 மில்லி ஆம்பியர். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த இப்போது பல நிறுவனங்கள் விடுவதில்லை.

இந்திய சிம்மில் ரோமிங்கைச் சென்னையிலேயே திறந்து சோதியுங்கள். வங்கி ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். இணையத்துக்கு இ-சிம் தனி. நேர வித்தியாசம் பத்தரை மணி. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஏழரை.

இன்னும் 2 நாள்

நகையை வீட்டில் வையுங்கள். விலையுயர்ந்த கேமரா, கழற்ற முடியாத வளையல் என்றால் புறப்படும்போது சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது கேள்வி வராது.

எல்லாத் தாளிலும் இரண்டு அச்சு: டிக்கெட், அறை, காப்பீடு, மாச்சு பிச்சு, ரயில். இன்னொன்றும் வேண்டும். உங்களிடம் அமெரிக்க விசா இருந்தால் பெரு விசா தேவையில்லை என்ற விதியை, பெரு அரசுத் தளத்திலிருந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாள்

அந்த அச்சு கவுன்டரில் வேலை செய்யும். சென்னையிலிருந்து லிமா போகிறவர்கள் தினமும் வருவதில்லை. "பெரு விசா எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கணினியைப் பார்ப்பார்கள், மேலதிகாரியைக் கூப்பிடுவார்கள். இதற்காகவே நான்கு மணி நேரம் முன்னால் போக வேண்டும். வாதாட வேண்டாம், தாளையும் விசாப் பக்கத்தையும் சேர்த்து நீட்டுங்கள். பெட்டிச் சீட்டில் கடைசி ஊர் லிமா என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவுன்டரை விட்டு நகருங்கள்.

திரும்பும்போது பெட்டியில் கோகா இலையும் அதன் தேநீர்ப் பொட்டலமும் இருக்கக் கூடாது. குஸ்கோ விடுதியில் வரவேற்பறையிலேயே வைத்திருப்பார்கள், குடித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். இங்கே 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலைக்குப் பெயர் சொல்லியே தடை, நடுவில் துபாய் வேறு.

கிண்டியில் வாங்கிய மஞ்சள் அட்டைகள் நான்கையும் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். மீனம்பாக்கத்தில் சுகாதார மேசை முதலில் வரும், பெட்டி வரும் பெல்ட் பிறகுதான்.